காயகல்பம்: லேகியமும் விருதும்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'காயகல்ப் விருது பெற்றது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காயகல்பம் என்றால் ஆண்மைக்கு விற்கிற லேகியம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் தாய்மாமா அறுபது வயதில் அப்படியொரு டப்பா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காயகற்பம் என்றும் எழுதுகிறார்களே, எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான். கல்பம் என்பது வடமொழி வடிவம், கற்பம் என்பது தமிழாக்கிக்கொண்டது. 'காயகர்ப்பம்' என்று போடுவதுதான் தப்பு.

காயம் என்றால் உடம்பு. நரையும் திரையும் மூப்பும் சீக்கிரம் அண்டாமல் உடம்பைக் காப்பது கற்பம். சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை, அதில் கற்பமும் ஒன்று. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள், அதுவும் கற்ப முறைதான். கோல் ஊன்றி நடப்பவர் கோலை வீசிவிட்டு நடப்பார் என்பதெல்லாம் இதைச் சொல்லும் பழம்பாடலில் வருகிற மிகை. ஆனால் பத்தியமும் ஒழுங்கும் இல்லாமல் கற்பம் கிடையாது.

ஆண்மை லேகியம் என்று இதற்குப் பெயர் வந்ததில்தான் எனக்குக் கோபம். ஆயுர்வேதம் தன்னை எட்டுப் பிரிவாக வகுத்திருக்கிறது. உடம்பைப் புதுப்பிக்கும் ரசாயனம் ஒரு பிரிவு, ஆண்மைக்கான வாஜீகரணம் வேறொரு பிரிவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சுவரொட்டியில் ஒட்டியது வியாபாரிகள். அதனால் ஒரு பெண் தனக்குக் காயகற்பம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத நிலை வந்துவிட்டது. ஒரு நல்ல சொல்லுக்கு இதைவிடப் பெரிய கேடு என்ன இருக்கிறது?

முறைப்படி செய்துகொண்டவர்களும் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய தலைவர் மதன் மோகன் மாளவியா 1938-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, இருட்டறையில் தங்கி இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார். அப்போது நாடே அதைப் பேசியது. அதன்பின் எட்டு வருடம் இருந்து 1946-ல் காலமானார். அதை வைத்து இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது.

நம் மதுரைக்கு இந்த ஆசை புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் எல்லாம் வல்ல சித்தர் சன்னதிக்குப் போயிருப்பீர்கள். சிவனே சித்தராக வந்து, மதுரைத் தெருக்களில் கிழவரைக் குமரராகவும் குமரரைக் கிழவராகவும் மாற்றிக் காட்டினார் என்கிறது திருவிளையாடல் புராணம். குமரரைக் கிழவராக்கியதையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்த இடம். இளமையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிற சித்தராக அவரைக் காட்டவில்லை.

சரி, சுகாதார நிலையத்துக்கு வருவோம். 'காயகல்ப்' என்பது மத்திய சுகாதார அமைச்சகம் 2015-ல் தொடங்கிய திட்டம். அரசு மருத்துவமனைகளில் சுத்தம், கழிவை அகற்றும் முறை, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டு விருது கொடுக்கிறார்கள். கட்டடத்தையே ஒரு உடம்பாக நினைத்து வைத்த பெயர். லேகிய விளம்பரத்தைவிட இந்த இடத்தில்தான் சொல் அதன் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பேன். தினமும் கூட்டிக் கழுவினால்தான் அங்கே புதுப்பித்தல் நடக்கும்.

அப்புறம், உங்கள் மாமா. அந்த டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், யார் தயாரித்தது, உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சரியாகச் சுத்தி செய்யாத பாதரசமோ பாஷாணமோ கலந்திருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாமாவை அங்கே கூட்டிப் போங்கள். கூச்சப்படுவார், நீங்களும் கூடவே உள்ளே போய் உட்காருங்கள்.