பிரகலாதன் கதையில் ஹோலிகா எங்கே?

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றலாகி ஜெய்ப்பூர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஹோலிக்கு முதல் நாள் ராத்திரி தெருமுனையில் பெரிய தீ மூட்டுகிறார்கள். பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அத்தை ஹோலிகா எரிந்துபோன நாள் என்கிறார்கள். என் பாட்டி சொன்ன கதையில் தூணும் நரசிம்மரும்தான், அத்தையே கிடையாதே?
- வாசகி, ஜெய்ப்பூர்

பதில்: பாட்டி எதையும் விட்டுவிடவில்லை அம்மா. பாகவதத்திலும் விஷ்ணு புராணத்திலும் இரணியன் பெற்ற பிள்ளையை யானையை விட்டு மிதிக்கச் சொல்கிறான், பாம்பை ஏவுகிறான், விஷம் வைக்கிறான், தீயிலும் போடுகிறான். ஆனால் ஹோலிகா என்ற பெயர் இரண்டிலும் வரவில்லை. விஷ்ணு புராணத்தில் தீக்கு நடுவிலிருந்து அந்தக் குழந்தை, அப்பா, காற்று ஊதி வளர்த்தும் இது என்னைச் சுடவில்லை, எந்தத் திசையைப் பார்த்தாலும் தாமரையைப் பரப்பினது மாதிரி குளிர்ந்து கிடக்கிறது என்கிறான். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அத்தை, வடக்கே ஜனங்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட பாத்திரம். தீ அவளைத் தொடாது என்று வரம். சிலர் வரம் இல்லை, ஒரு போர்வைதான், அது காற்றில் பறந்து பிள்ளைமேல் விழுந்துவிட்டது என்பார்கள்.

பவிஷ்ய புராணம் சொல்லும் காரணமே வேறு. ரகு மன்னன் காலத்தில் டுண்டா என்ற அரக்கி குழந்தைகளைப் படுத்தி எடுக்கிறாள். தேவராலும் மனிதராலும் ஆயுதத்தாலும் சாகாத வரம் வாங்கியவள், அவளுக்குப் பயம் சிறுபிள்ளைகளிடம் மட்டும்தான். அதனால் பிள்ளைகளே விறகு சேர்த்துத் தீ மூட்டி, மூன்று முறை சுற்றிவந்து, கை தட்டிக் கூச்சல் போட்டுத் திட்டித் தீர்த்து அவளை விரட்டுகிறார்கள். ஹோலி ராத்திரியில் பிள்ளைகள் போடும் சத்தத்தை யாராவது அதட்டினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அன்றைக்குக் கத்துவது அவர்கள் உரிமை.

இந்த முறை கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சாணத்தில் சின்னச் சின்ன வில்லை தட்டி, நடுவில் ஓட்டை போட்டுக் காயவைத்து, கயிற்றில் மாலையாகக் கோத்துக் கொண்டுவந்து விறகின்மேல் போடுவார்கள். குவியலின் நடுவே ஒரு கம்பு நிற்கும். ராஜஸ்தானில் பல இடங்களில் அதுதான் பிரகலாதன், தீ பற்றினதும் ஒருவர் பாய்ந்து அதை உருவி வெளியே எடுத்துவிடுவார். பிள்ளை பிழைத்துவிட்டான்!

கேள்வி: எங்கள் பக்கம் மாசியில் காமனை எரிப்பார்கள். ஹோலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: உண்டு. தாரகாசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும், சிவனோ தவத்தில் இருக்கிறார், தேவர்கள் மன்மதனை அனுப்பி மலரம்பு விடச் சொல்ல, நெற்றிக்கண் திறந்து அவன் சாம்பலாகிறான். இந்தக் கதையையும் ஹோலிக்குச் சொல்வதுண்டு. அது நடந்ததாகச் சொல்லப்படும் திருக்குறுக்கை உங்களுக்குப் பக்கத்து ஊர், சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஆமணக்குதான். உத்தரப் பிரதேசத்தில் ஹோலிக்கு முன்கூட்டியே நட்டுவைக்கும் கம்பு பல ஊர்களில் ஆமணக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் நடும்போது கரும்போடும் வைக்கோலோடும் சேர்த்துக் கட்டுவதும் அதே ஆமணக்கு. யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்களோ, செடி ஒன்றுதான். அப்புறம், தஞ்சையில் மராட்டியர் வழியாக வந்த லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் பிரிந்து மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாடுவார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் இன்றும் ரதி, மதன் வேடம் கட்டிக் காமன் கூத்து ஆடுகிறார்கள். அங்கே எரித்ததோடு முடியாது, ரதி அழுது கேட்டுக் காமனுக்கு உயிர் திரும்பும்.

பௌர்ணமிக் கணக்கில் மட்டும் குழம்பாதீர்கள். ஹோலி, வடக்கே சந்திரக் கணக்கில் வரும் பால்குன மாதப் பௌர்ணமி. நம் மாதம் சூரியக் கணக்கு என்பதால் சில வருஷம் மாசியிலும் சில வருஷம் பங்குனியிலும் விழும். 2024-இல் மார்ச் 25 அன்று ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்தன.

கேள்வி: ஹோலித் தீயில் வாட்டிய கோதுமைக் கதிரைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். சாப்பிடலாமா?
- வாசகர், போபால்

பதில்: தாராளமாக. அது பிரசாதம். ராபி என்கிற குளிர்காலப் பயிர் முற்றிவரும் நேரம், புதுக் கதிரை முதலில் தீக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். பாதி முற்றிய தானியத்தையும் கடலையையும் வாட்டினால் அதற்குப் பெயரே ஹோலா. பண்டிகையின் பெயர் அதிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. உமி கருகியிருக்கும், உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதிவிடுங்கள். உள்ளே மணி இன்னும் பச்சையாக, பால் காயாமல் இருக்கும். சூடு ஆறுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.