தண்ணீர் ஏறாத இயந்திரமும் தொலைந்த பற்றுச்சீட்டும்

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வாங்கிவிட்டுத் தவிப்பவர்களின் கடிதங்கள் இம்முறை குவிந்துவிட்டன. ஆகவே, குளிர்சாதனப் பெட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இயந்திரம் வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. கடந்த வாரம் முதல், தொடக்கப் பொத்தானை அழுத்தினால் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கிறது. சில நிமிடங்களில் தண்ணீர்க் குழாயின் படம் ஒளிர்ந்து, எல்லாம் நின்றுவிடுகிறது. திருத்த வந்தவர் பின்பக்கம் பார்க்காமலேயே “போர்ட் (இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது” என்று கூறி 38,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஆசிரியை, கல்லடி

பதில்: கொடுக்க வேண்டாம், ரீச்சர். குழாயின் படம் ஒளிர்கிறது என்றால், தனக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று இயந்திரம் முறையிடுகிறது என்பதே பொருள். பொஷ் இயந்திரங்கள் பலவற்றில் ‘ஈ 18’ என்றும், எல்ஜியில் ‘ஐ ஈ’ என்றும், சாம்சங்கில் ‘4 சீ’ என்றும் எழுத்து விழுவதும் இதே முறைப்பாடுதான். போர்ட்டைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சதமும் செலவாகாது.

கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள குழாய்த் திருகு முழுவதும் திறந்திருக்கிறதா என்றும், கூட்டித் துடைத்துவிட்டு இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியபோது பின்னால் இருக்கும் குழாய் மடிந்துபோனதா என்றும் முதலில் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, திருகையும் மூடிவிட்டு, தண்ணீர் உள்ளே செல்லும் குழாயைக் கழற்றினால், அது பொருந்தும் வாயில் பெருவிரல் நகமளவான ஒரு சிறிய வலைச் சல்லடை தெரியும். தாங்கியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வீடுகளில் மண்ணும் பாசியும், அண்மையில் குழாய் வேலை நடந்திருந்தால் பிவிசி துருவலும், அந்தச் சல்லடையில்தான் போய் அடைத்துக்கொள்கின்றன. அதைக் குறட்டால் மெதுவாக இழுத்தெடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பொருத்துவதற்கு முன், அதே திருகின் கீழ் 10 லீற்றர் வாளியொன்றை வைத்து முழுவதும் திறந்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிரம்பாவிட்டால், குற்றம் இயந்திரத்தில் இல்லை. வீட்டின் நீர்க் குழாயில் இருக்கிறது.

வாளி நிரம்பியும் இயந்திரத்தில் தண்ணீர் ஏறாவிட்டால், உட்தொட்டியின் மூலையில் காளான் வடிவில் மிதவை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாதிரிகளிலும் அது வெளியே தெரிவதில்லை. தெரிந்தால், தூக்கிவிட்டதும் தானாகக் கீழே விழ வேண்டும். சோற்றுப் பருக்கையோ முருங்கைக்காய்ச் சக்கையோ சிக்கி அது மேலேயே நின்றுவிட்டால், தொட்டி நிரம்பிவிட்டது என்று இயந்திரம் எண்ணிக்கொள்ளும். கதவு ‘கிளிக்’ என்ற ஒலியோடு பூட்டுகிறதா என்றும் பாருங்கள். கழிவுநீர்க் குழாயின் முனை தரையோடு கிடந்தால், ஏறுகிற தண்ணீர் ஏறிய வேகத்திலேயே வெளியேறிவிடும் என்பதால், கையேட்டில் சொல்லப்பட்ட உயரத்துக்கு அதைத் தூக்கிக் கட்டுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே, தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அதன் சுருள் எரிந்துவிட்டதா என்பதை மீற்றர் வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். பல மாதிரிகளில் நல்ல சுருள் சில ஆயிரம் ஓம் மின்தடை காட்டும். எந்த உறுப்பை மாற்றினாலும், கழற்றிய பழைய உறுப்பைக் கையில் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதும் சிலருடைய விலை இறங்குவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தூள் விலை அதிகமாக இருப்பதால், கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி ஓட விட்டேன். இப்போது தண்ணீர் ஏறவில்லை; கழிவுநீர்ப் பம்பி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. மட்டமான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?
— இளைஞர், கல்முனை

பதில்: இல்லை, தம்பி. நுரை வழிந்து அடித்தட்டில் தேங்கி, அங்கே உள்ள வெள்ளக் காப்பு மிதவையைத் தூக்கியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அடித்தட்டை உலர்த்துங்கள். கையேட்டை வாசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கான முத்திரைச் செலவு மிஞ்சியிருக்கும்.

கேள்வி: தயிர்ச் சட்டிகளை இதில் கழுவலாமா?
— குடும்பத் தலைவி, வாழைச்சேனை

பதில்: கழுவக்கூடாது. மண்சட்டி சவர்க்காரத்தைக் குடித்து வைத்திருந்து, அடுத்த தயிரில் கக்கும்.

கேள்வி: எங்கள் தாங்கி 12 அடி உயரமான தூணில் இருக்கிறது. “எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்” என்று கேட்டபோது, “எந்தத் தண்ணீருக்கும் வேலை செய்யும், அக்கா” என்று கூறி விற்றார்கள். ஏழு வாரங்களாகிவிட்டன, ஒரு நாளும் முழுதாகக் கழுவி முடிக்கவில்லை. கடையில் கேட்டால், விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார்கள். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது.
— ஓய்வுபெற்ற தாதி, நாவற்குடா

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்த பின் எனக்குக் கோபம் அடங்க நேரம் பிடித்தது. இந்தத் தொழிலில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று இதுதான்: சமையலறையின் நிறத்தைக் கேட்கிறார்கள், தவணைக்கு வேண்டுமா என்று கேட்கிறார்கள், ஆனால் தாங்கி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கணக்கு எளிது. 10 மீற்றர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல கம்பனிகளின் கையேடுகள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன. அதாவது, தண்ணீர் மட்டம் இயந்திரத்தின் வால்வுக்கு மேல் 5 மீற்றர், ஏறத்தாழ 16½ அடி, இருக்க வேண்டும். தாங்கி பாதியாக இருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.4 பார்தான். அதிலும் வளைவுகளும் ஒடுங்கிய குழாய்களும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரித்து அனுப்பும் நீர் வழங்கல் சபையின் தண்ணீர் என்றாலும், அதைத் தாங்கியில் ஏற்றிப் பின்னர் இறக்கினால், சபை கொடுத்த அழுத்தம் தாங்கியோடு முடிந்துவிடுகிறது. சபைக் குழாயிலிருந்து இயந்திரத்துக்கு நேராக ஓர் இணைப்பு எடுப்பதோ, தாங்கியின் வெளிவாயில் ஒரு சிறிய அழுத்தப் பம்பி பூட்டுவதோ குறையைத் தீர்க்கும். பம்பியைச் சபைக் குழாயிலேயே நேரடியாகப் பூட்டிவிட வேண்டாம்.

ஆனால் அந்தச் செலவை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்? இன்ன கம்பனியின் இன்ன மாதிரி வேண்டும் என்று நீங்களாகவே கேட்டு வாங்கியிருந்தால் உங்கள் வாதம் வலுவிழந்திருக்கும். நீங்களோ தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அப்படி விற்ற பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் பொருள் விற்பனைச் சட்டமாக இருக்கிறது. கடைக்கு முதலில் எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழிகாட்டலும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஐந்தாறு வாரங்களே மிஞ்சியிருப்பதால், நாளைக்கே எழுதத் தொடங்குங்கள். முடிவு எதுவானாலும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டது, கடையின் பெயரும் நினைவில்லை. உத்தரவாதம் செல்லுமா?
— வணிகர், சம்மாந்துறை

பதில்: உங்கள் கடையில் ஒருவர் இப்படி வந்து நின்றால் என்ன சொல்வீர்களோ, அதுவே என் பதில்.

கேள்வி: சவூதியில் இருக்கும் அண்ணன், தான் பாவித்த இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பப் போகிறார். ஏதும் சிக்கல் வருமா?
— மாணவி, அக்கரைப்பற்று

பதில்: அனுப்புவதற்கு முன், பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மகள். சவூதி மின்சாரம் 60 ஹேர்ட்ஸ்; நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் ‘50/60’ என்று இருந்தால் அச்சமில்லை. 60 மட்டும் இருந்தால், பம்பிகள் மெதுவாகச் சுழன்று சூடேறும். 110 அல்லது 127 வோல்ட் என்று இருந்தால் அங்கேயே விற்றுவிடச் சொல்லுங்கள். அங்கே தந்த உத்தரவாதத்தை இங்கே ஏற்பார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரால் கண்ணாடிக் குவளைகளில் வெள்ளைப் படலம் படிகிறது, தண்ணீர் ஏறுவதும் வர வரக் குறைகிறது. குழாயில் கட்டும் காந்தம் நல்லது என்கிறார்களே?
— கடிதம், ஆரையம்பதி

பதில்: அந்தக் காந்தம் என் வீட்டிலும் இருக்கிறது. 9,500 ரூபாய் கொடுத்து, விற்றவரின் வாய்ச்சாலத்தில் மயங்கி நானே வாங்கினேன்; படலம் போகவில்லை. இப்போது அதை அலுமாரிக் கதவு திறக்காமலிருக்கப் பாவிக்கிறேன். உங்கள் இயந்திரத்தில் நீர் மென்மையாக்கும் பகுதி இருந்தால், அதற்குரிய பருமனான உப்பை மட்டும் இடுங்கள். சமையல் உப்பு வேண்டாம். கிணற்று நீரின் கடினத்தன்மையைச் சோதித்து, அமைப்பை அதற்கேற்ப மாற்றுங்கள். தண்ணீர் குறைவதற்குக் காரணம் சுண்ணப் படிவால் அடைபட்ட சல்லடையாக இருக்கலாம். அதைக் கழற்றி ஓரிரவு வினாகிரியில் ஊற வையுங்கள். வாவிக்கு அருகே உள்ள சில கிணறுகளைப் போல உங்கள் கிணறும் உவர் என்றால், உப்பிடும் அந்தப் பகுதி உவரை நீக்காது. இயந்திரத்துக்கு மட்டுமாவது சபைத் தண்ணீரைக் கொடுங்கள்.

கேள்வி: ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் நிற்கிறது. பழுதா?
— புதுமணத் தம்பதி, காரைதீவு

பதில்: பழுதில்லை. அது வாளியைப் போல நிரம்புவதில்லை. ஒரு முறைக்கு மூன்று நான்கு லீற்றரை எடுத்து, அதையே சுற்றிச் சுற்றித் தெளிக்கும். கதவை மூடுங்கள்.