வகுப்புக்குப் போகாமல், பார்த்துப் பார்த்தே புகைப்படக் கலையைக் கற்க முடியுமா?

முடியும். கேமராவை வாங்கிவிட்டு, வகுப்புக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. மார்கழி சீசனில் சென்னைச் சபாக்களில் கச்சேரிப் படம் எடுக்கிறவன், அவ்வளவுதான். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் யூடியூபிலேயே பிடிபட்டுவிடும். எப்போது அழுத்துவது என்பதுதான் கஷ்டம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மிருதங்கக்காரர்கள். கற்றுக்கொடுத்தது அவர்களுக்கே தெரியாது.

கர்நாடகக் கச்சேரிக்குப் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்பதே பக்கவாத்தியக்காரர்களுக்குப் பல நேரம் மேடையில்தான் தெரியும். ஆனாலும் பாட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் மிருதங்கம் கச்சிதமாகச் சேர்ந்துகொள்கிறது. எப்படி என்று பார்த்தால், மிருதங்கக்காரர் கண் பாடகரின் வலது தொடையில், தாளம் போடும் கையில் இருக்கிறது. வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மிருதங்கத்தைப் பாடகரின் வலப்பக்கம் வைப்பது வழக்கம்; அதனால் அந்தக் கை அவருக்கு நன்றாகத் தெரியும். (அந்தக் கால மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர் என்பதால் அவருக்கு இந்த ஏற்பாடே மாறியது.) நானும் கலைஞரை விட்டுவிட்டு, கலைஞர் எதைப் பார்க்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருமுறை தனி ஆவர்த்தனத்தின்போது, அதாவது பாட்டு நின்று தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நேரத்தில், நான் கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டு விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் மிருதங்கம் கற்கும் பையன் ஒருவன். பொறுக்க முடியாமல் மெதுவாகச் சொன்னான்: "மோரா வந்தாச்சு அண்ணா. இனிமே கோர்வைதான், மூணு தடவை வரும்." எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது முறை குறைந்துகொண்டே வரும், அப்புறம் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள், முடிவு நெருங்குகிறது என்று காட்டும் மோரா, அப்புறம் முடித்துவைக்கும் கோர்வை, கடைசியில் பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழுவார்கள். கோர்வை மூன்றுமுறை வருகிறது என்று தெரிந்தால் போதும். முதல் தடவை கேளுங்கள், இரண்டாவதில் ஃபோகஸ் வையுங்கள், மூன்றாவது முடியும் இடத்தில் அழுத்துங்கள். பாடகர் மறுபடி பாட்டை எடுப்பது, மிருதங்கக்காரர் முகத்தில் வரும் சிரிப்பு, இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும். கண்ணில் பட்ட பிறகு அழுத்தினால் அந்தச் சிரிப்பு போயிருக்கும்.

"அப்போ சங்கீதம் தெரியாதவன் படம் எடுக்கக் கூடாதா?" என்று யாராவது வருவார்கள். எனக்கே ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது, சரியா? வகுப்பே தண்டம் என்றும் சொல்லவில்லை. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கப்போகிறீர்கள் என்றால் ஒருவரிடம் உதவியாளராகச் சேருவதுதான் நல்லது.

பார்த்துக் கற்க முடியாத விஷயமும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஷட்டர் மெதுவாக இருப்பதால் வாசிக்கும் விரல்கள் கலங்கித்தான் வரும், வரட்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை இன்னும் மோசம், மெக்கானிக்கல் ஷட்டரில் சத்தம். ஆலாபனையில் அந்தச் சத்தம் போட்டால் முன்வரிசை மாமா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்.

இதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்படிக் காத்திருந்து எடுத்த என் படம் ஒன்றை ஒரு சபா அடுத்த வருட ஃபிளெக்ஸில் போட்டது. காசு இல்லை, பெயர் இல்லை, கேட்கக்கூட இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மிருதங்கக்காரரை வெட்டிவிட்டுப் பாடகரை மட்டும் வைத்திருந்தார்கள். பாடகர் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறார் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பக்கவாத்தியம் என்றாலே இவர்களுக்கு இளக்காரம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சில கச்சேரிக்குக் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் இருக்கும், மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். மிருதங்கக்காரர் முகம் வேண்டுமென்றால் மேடையைப் பார்த்தபடி வலப்பக்கம் உட்காருங்கள், வயலின்காரர் முகம் வேண்டுமென்றால் இடப்பக்கம். நல்ல இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். தனி ஆரம்பித்ததும் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள், அப்போது முன்னால் நகர்ந்துவிடலாம்.