பேச்சு ஆழமாக வேண்டும், பரீட்சையாகக் கூடாது

கேள்வி: நண்பர்களோடு பேசினால் வேலை, உடல்நலம், விலைவாசி என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. தத்துவம் படிக்கத் தொடங்கியபின், "நியாயம் என்றால் என்ன?", "மகிழ்ச்சி என்றால் என்ன?" என்று இடையிடையே கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "என்ன, பரீட்சை வைக்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். வேறு எப்படிக் கேட்பது?

பதில்: அவர் கேட்டதில் தவறில்லை. 'என்றால் என்ன' என்னும் கேள்விக்குப் பெயர்போன பண்டைய கிரேக்கத் தத்துவஞானி சாக்ரடீஸ்கூட அதை வெறும் வெளியில் வீசியவர் அல்லர். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய 'லாக்கீஸ்' உரையாடலில், பிள்ளைகளுக்குப் போர்ப்பயிற்சி தேவையா என்று தந்தையர் இருவர் யோசனை கேட்கும் இடத்திலிருந்துதான் வீரம் பற்றிய கேள்வி பிறக்கிறது. வரிசை கலையாமல் நின்று பகைவரை எதிர்ப்பவனே வீரன் என்று தளபதி லாக்கீஸ் சொல்ல, பின்வாங்கிக்கொண்டே போரிடும் சிதியர் என்ற நாடோடி இனத்தின் குதிரைவீரர்களை என்னவென்பது, நோயையும் வறுமையையும் துணிவோடு தாங்குபவர்களை எதில் சேர்ப்பது என்று சாக்ரடீஸ் தொடர்கிறார். எதிராளி சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்வி நகர்வதைக் கவனியுங்கள்.

"அவனுக்கு எவ்வளவோ செய்தேன், நன்றியே இல்லை" என்று நண்பர் புலம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நன்றி என்றால் என்னவென்று கேட்டால் அவர் வாயடைத்துப் போவார். "அவர் என்ன செய்திருந்தால் உங்கள் மனம் ஆறியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்பது ஒரு பதில். "எனக்கு ஒன்று என்றபோது வந்து நின்றிருக்கலாம்" என்பது முற்றிலும் வேறு பதில். முன்னது அங்கீகாரத்தை நாடுகிறது, பின்னது கைம்மாற்றை. இந்த வேறுபாடு அவருக்கே புலப்பட்டபின், திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு செய்தது உதவியா, கொடுத்து வைத்த கடனா என்று, உங்களுக்கும் உள்ள சந்தேகமாகவே அதைக் கேட்கலாம். உண்மையிலேயே அந்தச் சந்தேகம் உங்களுக்கு இருக்க வேண்டும் என்பது முக்கியம்; விடையைக் கைக்குள் மறைத்துக்கொண்டு கேட்பதைத்தான் பரீட்சை என்கிறார்கள்.

'ஏன்' என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் அது பல காதுகளில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. "எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது?" என்றால் அதே காரணம் தானாக வெளிவரும்.

கேள்வி: எந்தச் சமயத்தில் இப்படிக் கேட்கவே கூடாது?

பதில்: துக்கத்தில் இருப்பவரிடமும், உடனடி முடிவுக்காகத் தவிப்பவரிடமும் கூடாது. நாலு பேர் முன்னிலையில் ஒருவருடைய முரண்பாட்டை வெளிப்படுத்துவது அதைவிட மோசம். பலரைச் சோதித்துக் கேட்டதால்தான் தமக்குப் பகை பெருகியது என்று, கி.மு. 399இல் ஏதென்ஸ் வழக்குமன்றத்தில் சாக்ரடீஸே கூறியதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அவருக்கு அது வாழ்க்கைப் பணி, அதனால் துணிந்தார். நமக்கு நண்பரோடு நாளையும் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே அத்தகைய கேள்வியைத் தனிமையில் கேட்பதே முறை.