யாரும் வாங்காத ஓவியங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வான்கோவின் 'இரவு விடுதி' பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அந்த ஓவியம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். என் மகள் இந்த ஆண்டு அங்கேதான் வேதியியல் படிக்கப் போகிறாள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இத்தனை ஓவியங்கள்? பணக்காரர்கள் பெயருக்காகக் கொடுத்துவிட்டுப் போனவைதானே? வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள்.

'இரவு விடுதி' பணக்காரர் ஒருவரிடமிருந்து வந்ததுதான். ஸ்டீஃபன் கிளார்க்கின் உயில்படி 1961இல் அது யேலுக்குச் சேர்ந்தது. அதற்கு முன் மாஸ்கோவில் இவான் மொரோசோவ் என்ற ஓவியச் சேகரிப்பாளரிடம் இருந்தது. புரட்சிக்குப் பிறகு சோவியத் அரசு அதை எடுத்துக்கொண்டு, 1933இல் விற்றது. மொரோசோவின் வாரிசு உரிமை கேட்டார், பல ஆண்டுகள் நடந்த வழக்கு யேலுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்துக் கலைக்கூடத்தையே எடை போட்டுவிடாதீர்கள்.

அது தொடங்கியது பணமில்லாத ஒரு கிழவரால். ஜான் டிரம்புல் அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனிடம் உதவியாளராக இருந்தவர். அந்தப் போரையும் சுதந்திரப் பிரகடனத்தையும் வரைந்தவர். எழுபத்தைந்து வயதில் கையில் காசில்லை, ஓவியங்கள் மட்டும் இருந்தன. நூற்றுச் சொச்சம் படங்களைத் தருகிறேன், உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 1,000 டாலர் கொடுங்கள் என்று யேலுடன் ஒப்பந்தம் போட்டார். 1832இல் அவர் வடிவமைத்த கட்டடத்திலேயே கூடம் திறந்தது. நுழைவுக் கட்டணத்தில் வரும் பணம் பின்னாளில் ஏழை மாணவர்களின் படிப்புக்குப் போக வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. தன் படங்களுக்குக் கீழேயே தன்னைப் புதைக்கச் சொன்னார், புதைத்தார்கள். படங்கள் வேறு கட்டடத்துக்கு இடம் மாறியபோது அவரையும் கூடவே கொண்டுபோனார்கள்.

எனக்கு இதைவிட நெருக்கமானது ஜேம்ஸ் ஜாக்சன் ஜார்விஸின் கதை. 1850களில் ஃபிளாரன்ஸில் வாழ்ந்தவர். தங்கத் தகட்டுப் பின்னணியில் மாதாவும் குழந்தையும் இருக்கும் ஆரம்பகால இத்தாலியப் பலகை ஓவியங்களை ஆசை ஆசையாகச் சேர்த்தார். அன்றைய அமெரிக்க ரசனைக்கு அவை கரடுமுரடானவை. பாஸ்டனில் கேட்டார், நியூயார்க்கில் கேட்டார், யாரும் வாங்கவில்லை. கடைசியில் 119 படங்களை யேலிடம் அடகு வைத்து 20,000 டாலர் கடன் வாங்கினார். கடனைத் திருப்ப முடியவில்லை. 1871இல் ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்டது யேல் ஒன்றுதான், 22,000 டாலருக்கு முடிந்தது. இன்று அந்தக் காலத்து இத்தாலிய ஓவியங்களுக்கு அமெரிக்காவில் முக்கியமான தொகுப்புகளில் அது ஒன்று. ஜார்விஸை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

உங்கள் மகளுக்கான விஷயமும் இந்தப் படங்களில்தான் இருக்கிறது. பழைய ஓவியங்களில் சேதத்தை மறைக்க ஒவ்வொரு தலைமுறையும் மேலே மேலே வண்ணம் பூசியிருக்கும். 1950, 60களில் யேலில் இவற்றைச் சுத்தம் செய்தவர்கள், மூல ஓவியர் தீட்டியது மட்டுமே மிஞ்ச வேண்டும் என்று பிற்காலப் பூச்சையெல்லாம் கரைத்து எடுத்தார்கள். நேர்மையான நோக்கம்தான். ஆனால் பல படங்கள் காயங்களும் வெறும் பலகையுமாக நின்றன. அப்புறம் வந்த பராமரிப்பாளர்கள் அவற்றில் சிலவற்றைப் பொறுமையாக மீட்டெடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கரைப்பான் வார்னிஷை மட்டும் கரைக்கும், எது அடியில் உள்ள வண்ணத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்பது முழுக்க வேதியியல் கேள்வி. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று அதற்கு முன்னால் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவின் விளைவுகளை ஒரு மாணவி அங்கே நேரில் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கு ஓவியங்கள் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

1941இல் ஓவியர்கள் கேத்தரின் டிரையரும் மார்செல் துஷாம்பும் கொடுத்த நவீன ஓவியத் தொகுப்பும் ஜார்விஸின் படங்களைப் போல வேறு இடம் கிடைக்காமல் வந்ததே. அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைக்க டிரையர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார், நடக்கவில்லை. துஷாம்ப் அவருக்காக 1918இல் வரைந்த நீளமான ஓவியமும் யேலில் இருக்கிறது. அதன் பரப்பிலிருந்து ஒரு நிஜ பாட்டில் பிரஷ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2022இல் இந்தக் கூடத்திலிருந்து 13 பழம்பொருட்களை நியூயார்க் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டவை. பல பொருட்கள் சிலைக் கடத்தல் வழக்கில் சிக்கிய வணிகர் சுபாஷ் கபூரோடு தொடர்புள்ளவை. ஒரு சிலை எந்த ஊரிலிருந்து, யார் கை வழியாக வந்தது என்று வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கற்பிக்கிற இடத்துக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதல்.

சரி, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். 1953இல் கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டிய பகுதிக்குள் போனதும் அண்ணாந்து பார்க்கட்டும். கூரை முழுக்கக் கான்கிரீட் முக்கோணங்கள், விளக்கும் காற்றுக்குழாயும் அவற்றுக்குள்ளேயே ஓடும். அகமதாபாத் மேலாண்மை நிறுவனத்தைக் கட்டிய அதே கான்தான். அங்கிருந்து ஜார்விஸ் படங்களுக்குப் போய், பொல்லாயுவோலோ வரைந்த ஹெர்குலிஸ் முன்னால் நிற்கட்டும். தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குதிரைமனிதனை நோக்கி ஹெர்குலிஸ் வில்லை வளைத்து நிற்பான், பின்னால் ஆர்னோ ஆறு வளைந்து போகும். கட்டணம் கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.