மகள் தன்னை மகன் என்கிறாள்

கேள்வி: நாங்கள் செங்கோட்டையில் வசிக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் என் மகள், தான் ஓர் ஆண் என்று சில மாதங்களுக்கு முன் என்னிடம் சொன்னாள். மார்பில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கணவர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கேரளத்தில் ஆரியங்காவு தாண்டி ஒரு மாந்திரீகரிடம் அழைத்துப் போகும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. வளர்ப்பில் தவறிவிட்டேனா?

மருத்துவர் பதில்: இல்லை அம்மா. ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ உணரும் பாலின அடையாளம் வளர்ப்பினால் உண்டாவதாகவோ கண்டிப்பினால் மாறுவதாகவோ மருத்துவம் கருதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், இந்நிலை மனநலக் கோளாறுகளின் அத்தியாயத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மாந்திரீகர் வேண்டாம். மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் மருத்துவரும் வேண்டாம். அத்தகைய முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. அவ்வாறு செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு எழுதினார். பெற்றோருக்கும் அத்தகைய அவகாசம் உண்டு.

பேண்டேஜை மட்டும் உடனே கவனியுங்கள். அசைவுக்கு ஏற்ப அது மேலும் இறுகி, மூச்சுத்திணறலையும் விலா வலியையும் தோல் புண்ணையும் உண்டாக்கும். பறித்து எறிந்தால் பிள்ளை மறைத்துக் கட்டுவார். அதற்குப் பதிலாக, அளவான ஸ்போர்ட்ஸ் உள்ளாடையையும் தளர்வான சட்டையையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். எதை அணிந்தாலும் உறங்கும்போதும் விளையாடும்போதும் இறுக்கம் கூடாது. இந்தச் சிறு செயல், பத்து அறிவுரைகள் உண்டாக்காத நம்பிக்கையைப் பிள்ளைக்குத் தரும் என்பது என் எண்ணம்.

உங்கள் தூக்கமின்மைக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்தது இதுதான். மகளுக்கென்று மனத்தில் கட்டி வைத்திருந்த திருமணமும் பேரப்பிள்ளைகளும் கலைந்துபோனதாகத் தோன்றும்போது வரும் துயரம், ஒரு சாவு வீட்டுத் துயரத்திற்குக் குறைந்ததன்று. அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்தத் துயரத்தைப் பிள்ளையின் முன் இறக்கி வைக்காதீர்கள். தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்ற குற்ற உணர்வைத் தாங்கும் வயது அவருக்கு இல்லை. அழுவதற்கு ஒரு தோழியோ ஆலோசகரோ உங்களுக்குத் தேவை. தூக்கமின்மை நீடித்தால் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உங்களுக்காகவே காட்டுங்கள். இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம் அதிகம் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார், பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா, மாதவிடாய் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று கேளுங்கள். கேட்பதாலும் விரும்பிய பெயரால் அழைப்பதாலும் திரும்பப்பெற முடியாத எதுவும் நடந்துவிடாது. அவர் தம்மைத் தாமே தெளிவாக அறிந்துகொள்ள அது இடம் தரும். ஹார்மோன், அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு நிபுணர்களின் மதிப்பீட்டிற்குப் பிறகு வர வேண்டியது, இப்போது அவசரமில்லை. மருத்துவரைக் கேளாமல் ஹார்மோன் ஊசி எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் அமைதியாகச் சொல்லி வையுங்கள்.

கணவரைத் தர்க்கத்தால் வெல்ல முயல வேண்டாம். ஏற்பதும் மறுப்பதும் பிறகு இருக்கட்டும், இரவுச் சாப்பாட்டிற்குப் பிள்ளையை அவர் அழைக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள். உறவினர்களுக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பிள்ளையின் அனுமதியின்றிச் சொல்லும் உரிமையும் இல்லை.

பிள்ளை அறையை விட்டு வராமலிருந்தாலோ, உணவை ஒதுக்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 நாள் முழுவதும் இலவசமாகச் செயல்படுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அந்த எண்ணை நீங்களும் உங்களுக்காக அழைக்கலாம்.