காதில் ‘கொய்’ சத்தத்துக்கு எதிர்வீட்டு டவர் காரணமா?

கேள்வி: வயது 58. விசைத்தறியில் 25 வருடம் வேலை பார்த்தேன். எட்டு மாதமாக இரண்டு காதிலும் ‘கொய்’யென்று இரைச்சல், ராத்திரியில் அதிகம். பஞ்சு வைத்து அடைத்தால் இன்னும் கூடுகிறது. போன வருடம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வைத்தார்கள். மைக்ரோவேவ் அலை தலைக்குள் சத்தம் உண்டாக்கும் என்று ஆலன் ஃப்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானி நிரூபித்திருக்கிறார் என்கிறான் மகன். ஜன்னலுக்கு அலுமினிய வலை அடிக்கலாமா? ரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்பிரின் 75 மி.கி.யும் சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் மகன் சொல்வது கட்டுக்கதை இல்லை. ரேடார் அருகே வேலை பார்த்தவர்கள் காதில் ‘டிக் டிக்’, ‘ஸ்ஸ்’ என்று கேட்பதாகச் சொன்னதை முதலில் முறையாகச் சோதித்தவர் ஃப்ரேதான். 1962-இல் கட்டுரை வெளியானது. அவர் பயன்படுத்திய ஒரு டிரான்ஸ்மிட்டர் 1,310 மெகாஹெர்ட்ஸில், நொடிக்கு 244 துடிப்புகளாக அலையை அனுப்பியது. ஒவ்வொரு துடிப்பும் 6 மைக்ரோநொடிதான். சத்தம் கேட்கத் தொடங்கிய அளவு, துடிப்பின் உச்சத்தில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 267 மில்லிவாட்.

காரணம் பிறகு தெளிவானது. துடிப்பு தலையில் பட்டதும் திசு சூடாகிறது. ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிக மிகக் குறைந்த நேரத்தில் அது நடப்பதால் திசு சட்டென விரிந்து, ஓர் அழுத்த அலை கிளம்பி, எலும்பு வழியே உள்காதுக்குப் போகிறது. 1974-இல் ஃபாஸ்டர், ஃபின்ச் என்ற இருவர் இதைத் தண்ணீரில் காட்டினார்கள். 4 டிகிரி செல்சியஸில் தண்ணீர் சூட்டுக்கு விரியாது. அங்கே சத்தமும் மறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இனி உங்கள் டவர். 2012-இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 0.045 மில்லிவாட். ஃப்ரே கணக்கிட்ட உச்சம் இதைப்போல் சுமார் 6,000 மடங்கு. டவர் சிக்னலும் ஏறி இறங்கும். ஆனால் ரேடார்போல நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாகப் பாய்வதில்லை. ஆகவே அது உங்கள் தலைக்குள் சத்தம் எழுப்ப வழியில்லை. இன்னொன்று: சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர் ஒலிகள் கேட்காதவர்களுக்கு ஃப்ரேயின் சத்தமும் கேட்கவில்லை. தறிச் சத்தம் காதில் முதலில் தின்பதும் உயர் ஒலிகளைத்தான், ஆகவே உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும் வாய்ப்பே குறைவு.

பஞ்சு வைத்துப் பார்த்த சோதனையால் எதுவும் தெரியாது. வெளிச்சத்தம் குறைந்தால் ஃப்ரேயின் சத்தமும் எடுப்பாகக் கேட்கும், சாதாரணக் காது இரைச்சலும் எடுப்பாகக் கேட்கும். பிரித்தறிய இடம் மாறிப் பாருங்கள். அலை நின்ற நொடியே ஃப்ரேயின் சத்தம் நின்றுவிடும். டவர் இல்லாத உறவினர் வீட்டில் இரண்டு ராத்திரி படுத்தும் ‘கொய்’ கேட்டால், அது உங்கள் காதின் சத்தம். பக்கத்தில் இருப்பவருக்கும் ‘உர்ர்’ என்று கேட்டால் டவரின் ஜெனரேட்டரோ மின்விசிறியோ ஓடுகிறது. அதற்கு வைத்தியம் வேண்டாம், புகார் போதும்.

நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தறிச் சத்தத்தால் உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பழுதாகியிருக்கவே அதிக வாய்ப்பு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாகக் குடைய வேண்டாம், எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம். பிறகு 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கினால் அது சத்தம் செய்த வேலை. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் இரைச்சல் தருவது பெரும்பாலும் அதிக அளவில்தான், 75 மி.கி.யைச் சந்தேகப்பட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்தாகலாம்.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. கேள்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவியே பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. ராத்திரியில் பஞ்சை எடுத்துவிட்டு, மின்விசிறியோ மழைச் சத்தப் பதிவோ ஓடவிடுங்கள். அது இரைச்சலை முழுக்க அமுக்கக் கூடாது. அதைவிட ஒரு படி கீழே, இரண்டும் கலந்து கேட்கும் அளவில் வையுங்கள். அப்போதுதான் மூளை பழகும். தூக்கம் கெட்டு மனம் அதிலேயே உழன்றால் மனநல ஆலோசனை நன்றாகப் பலன் தரும்.

அலுமினிய வலை, கதிர்வீச்சு ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்; அந்தப் பணத்தில் ஆடியோகிராம் எடுத்துவிடலாம். புற்றுநோய் பயம் இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை ‘வாய்ப்பு இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அது வேறு கேள்வி. இரைச்சலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ஒரே காதில் மட்டும் இரைச்சல் நிலைத்தாலோ, இரண்டு காதின் கேள்திறன் மாறுபட்டாலோ எம்ஆர்ஐ தேவைப்படலாம். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்டால் ரத்தக்குழாய்களைப் பார்க்க வேண்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.